தர்சிகாவின் முப்பத்தோராம் நாள்

தர்சிகாவின் முப்பத்தோராம் நாள் காரியம் என்றைக்கு வருகிறது என்பதில் இரண்டு பேருக்கு ஒத்துவரவில்லை. ஒருவன் அவளுடைய தம்பி கஜீபன், ஒஸ்லோவில் இருப்பவன். மற்றவன் அவளுடைய கணவன் நிரோஜன். இவன் இருந்தது நோர்வேயின் வடமுனையில். ஒஸ்லோவிலிருந்து இரண்டு விமானம் மாறி, பிறகு மூன்று மணி நேரம் பேருந்தில் குலுங்கினால் வரும் ஒரு கடலோரக் கஞ்சாத் தோட்டத்தில்.

"அத்தான், ஐயரோட கதைச்சிட்டன்," என்றான் கஜீபன் தொலைபேசியில். "வாற வியாழன் காலமை ஒன்பது மணிக்கு அந்தியேட்டிக் கிரியை. நீங்கள் வர ஏலாட்டி வீடியோவில எண்டாலும் முகத்தைக் காட்டுங்கோ."

"வியாழன் எண்டு ஆர் சொன்னது?"

"கலண்டர் சொன்னது. செத்த நாளிலயிருந்து எண்ணிப் பாருங்கோவன்."

"அவவின்ர நாள் இருபத்துமூண்டரை மணித்தியாலம், கஜீபன். நாளுக்கு அரை மணித்தியாலம் முந்தினால், முப்பத்தொரு நாளில பதினைஞ்சரை மணித்தியாலம் முந்தும். அவ செத்தது சாமம் பன்னிரண்டரை மணிக்கு. அதால அவவுக்கு முப்பத்தொண்டு வாறது புதன்கிழமை காலமை ஒன்பது மணிக்கு."

கஜீபன் பொறுமையாகத்தான் சொன்னான்: "அத்தான், செத்த ஆளுக்கு மணிக்கூடு இல்லை."

"உயிரோட இருக்கேக்க இருந்தது."

"எட்டாம் நாள், எட்டுச் செலவண்டு நீங்கள் என்ன செய்தனீங்கள்? சனம் நிறைஞ்ச வீட்டில, படத்துக்கு முன்னால சுருண்டு நித்திரை. ஐயர் எழுப்ப, நான் எழுப்ப, அம்மா தண்ணி தெளிக்க, ஒண்டுக்கும் எழும்பேல்ல. இப்ப வந்து அக்காவின்ர மணிக்கூடு கதைக்கிறியள்." அவன் குரல் தாழ்ந்தது. "நாள் கிடக்கட்டும். நான் ஒரு மாதமாக் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. அக்கா ஏன் கடலுக்குப் போனவ?"

அது தெரிந்திருந்தால் நிரோஜன் முதல் நாளே சொல்லியிருப்பான். தர்சிகா குளிருக்குப் பயந்தவள். ஜூலை மாதத்திலும் இரண்டு காலுறை போடுகிறவள். அப்படிப்பட்டவள் தனியாகக் கடலில் இறங்கி, குளிரில் இதயம் நின்று, கரையோரம் கிடந்தாள் என்று பொலிஸ் எழுதியிருந்தது. துவாயை மடித்துப் பாறையில் வைத்திருந்தாளாம். அந்த வேளையில் நிரோஜன் நூறு மீற்றர் தள்ளி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். பொலிஸ் வந்து கதவை இடித்தபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். அவனை எழுப்ப முடியாது என்று தோட்டத்து ஆட்கள் சொல்ல, அவர்கள் அவன் கண் விழிக்கும்வரை குசினியில் கோப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆகவே தோட்டத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கே விளைந்தது மருந்துக் கஞ்சா. வலிப்புக்கும் தீராத நோவுக்கும் எண்ணெய் எடுக்கிற வகை. பருத்தித்துறையிலிருந்த நிரோஜனின் அம்மா அயலட்டத்துக்கு "மகன் மருந்துத் தோட்டத்தில மனேச்சர்" என்று சொல்லிவைத்திருந்தார். மனேச்சர் என்பது பொய், மருந்து என்பது உண்மை. பாதி உண்மை இருந்தால் போதும் என்று நினைக்கிற மனிசி அவர்.

முன்பு அந்த ஊரில் மீன் தொழிற்சாலை இருந்தது. யுத்த காலத்தில் வந்த தமிழ்ச் சனம் அதில்தான் நின்று மீன் வெட்டியது. கடல் சூடேறி மீன் இடம் மாறிப் போனதும் தொழிற்சாலையை மூடினார்கள். சனத்தில் பெரும்பகுதி ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டது. மிஞ்சியிருந்தவர்களைத் தேடிக் கஞ்சாக் கம்பனி வந்தது.

அந்த வடக்கில் கஞ்சா வளர்வதே ஒரு வேடிக்கை. மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை அங்கே சூரியன் மறையாது. மற்ற இடத்துக் கஞ்சாச் செடி, இரவு நீளத் தொடங்கியதைக் கண்டுதான் பூக்கும். இங்கே இரவு வருகிறபோது கூடவே உறைபனியும் வந்துவிடும். செடி மொட்டு வைக்க யோசிக்கும்போதே கருகிப்போகும். ஆனால் சைபீரியப் பக்கத்துத் தெருவோரக் களைச்சாதி ஒன்று இருக்கிறது. அது சூரியனைப் பார்ப்பதில்லை. முளைத்து எத்தனை நாள் என்று தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை முடிந்தால், வெளிச்சம் இருந்தாலும் இருட்டு இருந்தாலும் பூக்கும். அந்தச் சாதியோடு கலந்த விதையைப் பனி உருகியதும் கறுப்புத் துணிப்பைகளில் ஊன்றுவார்கள். எழுபத்தைந்து நாளில் அறுவடை. இடையில் மழை பெய்தால் ஒவ்வொரு செடியாகக் குலுக்கித் தண்ணீரை உதிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூவுக்குள் பூஞ்சணம் விழும். பூஞ்சணத்தை எந்த யந்திரத்துக்கும் முன்பு மனித மூக்குத்தான் கண்டுபிடிக்கும். அதற்குத்தான் ஆட்கள்.

முதல் வருடம் தர்சிகா முற்றிய செடி ஒன்றில் ஒரு கொப்பை வெட்டி, குசினி யன்னலில் வேர்விட வைத்தாள். அது ஒரு சாண் உயரம்கூட வரவில்லை. வேர்விட்டதும் விடாததுமாகப் பூத்துவிட்டது. வெட்டிய கொப்புக்கும் தாய்ச்செடியின் வயதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. "பாவம், பிறக்கேக்கையே கிழவி," என்று அன்றெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கம்பனி அந்தச் செடியோடு நின்றிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. கோடையில் ஓயாத வெளிச்சத்தில் தொழிலாளிகளுக்குத் தூக்கம் கெட்டது. குளிர்காலத்தில் இரண்டு மாத இருட்டில் மனம் இடிந்தது. செடியைப்போல மனிதரும் சூரியனைப் பார்க்காமல் இருந்தால் என்ன என்று யாரோ ஒரு கெட்டிக்காரனுக்குத் தோன்றியது. செடியின் அந்த எண்ணுகிற குணத்தை எடுத்து ஓர் ஊசியில் ஏற்றினார்கள். போட்டுக்கொண்டால் உடம்பு தன் சொந்த நாளைத் தானே எண்ணிக்கொள்ளும். நேரம் வந்தால் தூங்கும், நேரம் வந்தால் விழிக்கும். சொல்லப்போனால் ஊசி நல்லாகத்தான் வேலை செய்தது. தூக்கமின்மை போனது, இருட்டுக்கால மனச்சோர்வும் போனது.

ஒவ்வொருவருடைய நாளும் ஒவ்வொரு நீளம் என்பதுதான் பிறகு தெரிந்தது. நிரோஜனின் நாள் இருபத்தைந்து மணி பத்து நிமிடம். தர்சிகாவின் நாள் இருபத்துமூன்றரை மணி. ஊசியைச் சோதித்தபோது தனிக்கட்டைகளைத் தனித்தனி அறையில் வைத்துத்தான் பார்த்தார்களாம். புருசன் பெண்சாதியைச் சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போட்ட ஊசியைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை.

விழித்ததும் பத்து மணி நேர வேலை. அதன் பிறகு தூக்கம் வரும்வரை ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரம் இருவருக்கும் ஒன்றாக வருவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு மூன்று நாள். மற்ற நாட்களில் ஒருவர் சமைத்து மூடி வைத்ததை மற்றவர் சூடாக்கிச் சாப்பிடுவார். கட்டிலில் ஒருவர் கிடந்த சூடு ஆறுவதற்குள் மற்றவர் வந்து படுப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தேடுவது என்ன தலையெழுத்து என்று நிரோஜன் பலமுறை நொந்திருக்கிறான். ஆனாலும் அவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. கணக்கின்படி மூன்று நாள்தான் என்றாலும், சிலவேளை அந்தச் சேர்ந்த நாட்கள் ஐந்து, ஆறு என்று நீண்டன. "எங்களுக்கு மட்டும் கடவுள் பிச்சை போடுறார்," என்பான் நிரோஜன். தர்சிகா அந்த ஊர்ப் பழுப்புச் சீஸைச் சீவிப் பாணில் வைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் உயிர் போனபோது அவன் விழித்திருக்கவில்லை. எட்டுச் செலவிலும் விழித்திருக்கவில்லை. முப்பத்தோராம் நாளாவது அவளுடைய நேரத்தில், அவளுடைய படையலுக்கு முன்னால், கண் திறந்து இருக்க வேண்டும். நிரோஜனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் புதன்கிழமை காலை ஒன்பது மணி அவனுடைய தூக்கத்தின் நடுவில் விழுந்தது. அந்தத் தூக்கத்தை மணிக்கூடும் கலைக்காது, மருந்தும் கலைக்காது. ஏழு மணி நேரம் அதைத் தள்ளிப்போட வேண்டும்.

வழி கிடைத்தது செடியிடமிருந்துதான்.

திங்கட்கிழமை அவன் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் நின்று, பூதக்கண்ணாடியால் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூவிலிருக்கும் பிசின் மணிகள் பாலாகி, பிறகு தேன் நிறமானால் அறுவடைக்குத் தயார். நடுத் தோட்டத்தில் எல்லாம் தேன் நிறம். வடக்கு ஓரத்தில், கடற்காற்று நேரே வந்து அறைகிற வரிசையில், மணிகள் இன்னும் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தன. ஒரே நாள் ஊன்றிய விதை. ஒரே வயது. ஆனாலும் எட்டு நாள் பிந்தி நின்றன.

குளிரில் செடியின் எண்ணிக்கை பிந்துகிறது. அவன் உடம்பில் ஓடுவதும் அதே எண்ணிக்கைதான். நிரோஜன் கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நேரே மாரித்தைத் தேடிப் போனான்.

மாரித் என்பவள் தோட்டத்தின் பயிர் அதிகாரி. ஊசி போடாதவள், அதனால் அவளைப் பகலில் மட்டும்தான் பிடிக்கலாம். அவள் பேசியது நோர்வே மொழி. இருபது வருடத்தில் அந்த மொழி நிரோஜனின் காதுக்குள் ஊர்ப்பேச்சாக மாறிவிட்டிருந்தது. அதில் மரியாதைப் பன்மை இல்லை, எல்லாரும் எல்லாருக்கும் நீதான்.

"மாரித், என்ர நித்திரையை ஒரு ஏழு மணித்தியாலம் பிந்த வைக்கலாமோ?"

"ஏலாது. உனக்குத் தெரியும்தானே."

"வடக்கு வரிசை எட்டு நாள் பிந்தி நிக்குது. குளிர்தானே காரணம்?"

மாரித் கையிலிருந்த ஈரமானியைத் துடைத்தாள். "ஓம். குளிர்ந்தால் எண்ணிக்கை பிந்தும்."

"அப்ப நான் கடலில இறங்கி நிண்டால், எனக்கும் பிந்துமோ?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். அவளுடைய முகம் மாறியதை நிரோஜன் பார்த்தான். முதலில் அவன் நினைத்தது, கம்பனி மறைக்கிற ஏதோ ஒன்றைத் தான் தொட்டுவிட்டேன் என்றுதான். அது உண்மையும்தான். ஊசி வெளிவந்து ஒரு வருடத்திலேயே கம்பனிக்கு அது தெரிந்திருந்தது. ஆட்கள் கடலில் குதிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று வாய் திறக்கவில்லை. ஆனால் மாரித்தின் கண் கலங்கியதற்குக் காரணம் அதுவல்ல.

"இதே கேள்வியைத்தான் அவளும் கேட்டவள்," என்றாள் மாரித். "இதே இடத்தில நிண்டு."

"ஆர்?"

அவன் தெரிந்துகொண்டே கேட்டான்.

"மூண்டு வருசத்துக்கு முந்தி. அவளின்ர நாள் கட்டை, உன்ர நாள் நீளம். தன்ர நாளைக் கொஞ்சம் இழுத்தால் உன்னோட கூட நாள் சேர்ந்திருக்கலாம் எண்டாள். நான் விளையாட்டா, இழுபடும் எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த நாளே போய் இறங்கினாள். நீங்கள் ரெண்டு பேரும் சேருற நாள் வந்தால், நீ எழும்ப முந்தித் தான் எழும்பிப் போய்க் கழுத்தளவு தண்ணியில நிப்பாள். பத்து நிமிசம், பதினைஞ்சு நிமிசம். அதில ஒரு மணித்தியாலம் கிடைக்கும்."

நிரோஜன் அங்கே கிடந்த துணிப்பை மூட்டையில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொல்ல வேண்டாம் எண்டாள். சொன்னால் நீயும் வந்து இறங்குவாயாம். நீ இறங்கினால் உன்ர நாள் இன்னும் நீளும், பேந்து தன்னால எட்ட ஏலாது எண்டாள்."

"என்ர நாளைக் குறைக்க ஒரு வழியும் இல்லையோ? சூடு?"

"இல்லை. பிந்தத்தான் செய்யும், முந்தாது. அவளால மட்டும்தான் வர ஏலும்." மாரித் மூக்கை உறிஞ்சினாள். "செத்தபிறகு நான் வந்து உனக்குச் சொல்லியிருக்கவேணும். கம்பனி பயம் ஒரு பக்கம். உன்ர முகத்தைப் பாக்கிற பயம் மற்றப் பக்கம். என்னை மன்னிச்சுக்கொள்."

அவன் மன்னிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. கடவுள் போட்ட பிச்சை என்று தான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றான். ஞாபகம் வரவில்லை. அவன் அப்போது சந்தோசத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான். அழுகை வந்தது. ஆட்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அழுதான்.

கஜீபனுக்கு அவனே அழைப்பெடுத்துச் சொன்னான். ஊசி, குளிர், ஒரு மணி நேரம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அப்ப அக்கா சாகவேணும் எண்டு போகேல்ல," என்றான் கஜீபன் கடைசியில்.

"இல்லை."

"உங்களோட இருக்கவேணும் எண்டு போனவ."

"ஓம்."

"அப்ப உங்களாலதான் செத்தவ, அத்தான்."

"ஓம், கஜீபன்."

இப்படி ஒத்துக்கொள்வான் என்று கஜீபன் எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சண்டை அவனுக்கு வாயிலேயே நின்றுவிட்டது. "புதன்கிழமை என்ன செய்யப் போறியள்?" என்று மட்டும் கேட்டான்.

"தெரியேல்ல."

உண்மையாகவே தெரியவில்லை. இருபத்துமூன்றரை மணி என்று அவன் பிடித்த பிடிவாதம் இப்போது அர்த்தமில்லாமல் போய்விட்டது. அந்த நாளைத்தான் அவள் மூன்று வருடமாக விட்டுவிட்டு வரப் பார்த்தாள். கடைசி நாட்களில் அவளுடைய நாளின் நீளம் என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. எந்தப் புதன்கிழமையில் போய் அவளைத் தேடுவது?

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அவன் கடற்கரைக்குப் போனான். துவாய் கொண்டு போகவில்லை. அவள் துவாயை வைத்த பாறை எது என்று பொலிஸ் படத்தில் பார்த்திருந்தான். அதிலே இருந்தான். தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தான். மணிக்கட்டு எலும்புவரை குத்தியது. ஒரு நிமிடம் வைத்திருக்க முடியவில்லை. இதற்குள்ளேதான் இரண்டு காலுறை போடுகிறவள் பதினைந்து நிமிடம் நின்றாள். அவனுக்குத் தெரியாமல், அவனோடு இன்னொரு மணி நேரம் இருந்து சாப்பிடுவதற்காக. இறங்கலாம் என்று ஒருகணம் தோன்றியது. பிறகு அவள் மாரித்திடம் சொன்னது நினைவு வந்தது. கையை உதறிவிட்டு வீட்டுக்கு வந்து, தூக்கம் வந்தபோது தூங்கினான்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி அவன் தூக்கத்தில் கழிந்தது. வியாழன் காலை ஒஸ்லோவில் ஐயர் மந்திரம் சொல்லி, கஜீபன் தர்ப்பை போட்டுக் கர்மம் செய்து, வாழையிலையில் எல்லாம் படைத்து முடித்தபோதும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வந்த சனம் "புருசன்காரன் எங்கை?" என்று கேட்டிருக்கும். கஜீபன் என்ன சொன்னானோ தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நிரோஜன் கண் விழித்தான். அவள் செத்துவிட்டாள் என்று கோப்பிக் கோப்பைகளுக்கு நடுவில் கேட்ட அந்த விழிப்பிலிருந்து எண்ணினால், அவனுடைய முப்பத்தோராவது நாள் அது. கலண்டரில் அன்றைக்கு ஒரு விசேசமும் இல்லை. தொலைபேசியில் கஜீபன் அனுப்பிய படங்கள் வந்து கிடந்தன. மாலை போட்ட படம், குத்துவிளக்கு, பந்தி. ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. நிரோஜன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு மாரித்துக்கு, இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று அறிவித்தான்.

தலை முழுகிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தான். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்தான். உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, அப்பளம். உளுந்து ஊறப்போடாததால் வடைக்கு வழியில்லை. இரண்டு துண்டு பாண் எடுத்து, பழுப்புச் சீஸைச் சீவி, தடிப்பாக வைத்தான். ஐயர் கண்டால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். வெளியே வடக்கு வரிசையை இன்னும் வெட்டவில்லை. மற்ற வரிசைகள் வெறும் துணிப்பைகளாக நின்றன. காற்றில் உறைபனியின் மணம் வந்துவிட்டது.

இலை இல்லாததால் இரண்டு தட்டு வைத்தான். ஒன்றை அவளுடைய படத்துக்கு முன்னால், மற்றதை எதிரே. விளக்கேற்றினான். எத்தனையோ நாள் அவள் மூடி வைத்த சோற்றை இந்த மேசையில் தனியாகச் சூடாக்கித் தின்றிருக்கிறான். அப்போதெல்லாம் அடுத்த அறையில் அவள் மூச்சு விடுகிற சத்தமாவது இருந்தது. இப்போது வீட்டில் அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது. இப்படித் தனித்துப் போவேன் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

இது ஊரின் நாளல்ல. ஊசி அவளுக்குக் கொடுத்த நாளுமல்ல. அவனுடைய நாள்; அவள் ஒவ்வொரு மணி நேரமாகக் கடலிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து சேரப் பார்த்த நாள். வருவாள் என்றால் இதற்குத்தான் வருவாள் என்று அவன் நம்பினான். கதிரையை இழுத்து, அவளுடைய தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"வாரும், தர்சி," என்றான். "இண்டைக்கு நீர் கடலுக்குப் போகத் தேவையில்லை. நான் முழிப்பாத்தான் இருக்கிறன்."

அவன் முதல் பிடி சோற்றை எடுத்து அவளுடைய தட்டில் வைத்தான். பிறகு தானும் சாப்பிடத் தொடங்கினான்.